ஜவ்வாது மலைக்கு ஆள் கூப்பிடும் முன்: ஊரே நடத்தும் சுற்றுலாவுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காடு, ஏலகிரி என்றால் தெரியாதவர் இல்லை. ஜவ்வாது மலை என்றால் பலருக்கு வாசனைப்பொடிதான் நினைவுக்கு வரும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. செய்யாறு பிறப்பது இங்கே. போளூரிலிருந்து ஏறினாலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக வந்தாலும் ஜமுனாமரத்தூரை அடையலாம். இந்த மலையின் சிற்றூர் ஒன்றில் ஊர்க்காரர்களே சுற்றுலா நடத்த என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மகளிர் குழு, ஊர் இளைஞர்கள், ஊராட்சி ஆகியோருக்காக எழுதியிருக்கிறோம். கல்வராயன், பச்சைமலை ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வருமானம் ஏன் ஊருக்குள்ளேயே வேண்டும் என்பதை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து கூலிக்கு அழைத்துப் போகப்பட்டவர்களும் இருந்தார்கள். உள்ளூரில் நாலு மாதம் நம்பகமான வேலை இருந்தால், இடைத்தரகர் நீட்டும் முன்பணத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும். அந்த நாலு மாத வேலையைச் சுற்றுலா தரும். ஆனால் விளம்பரத்தை முதலில் செய்தால் தராது. ஒரு காணொளி பரவி, ஞாயிற்றுக்கிழமை முந்நூறு வண்டி ஏறி வந்து, குப்பையை மட்டும் விட்டுப் போன அருவிகள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. விளம்பரம் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகம் பேசுகிறோம்.

எல்லையை நடந்து பாருங்கள்

ஊர்ப் பாதை எதுவரை, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வனக்காப்பாளரையும் ஊர்ப் பெரியவர் இருவரையும் அழைத்துக்கொண்டு, நீங்கள் விருந்தினரைக் கூட்டிப்போக நினைக்கும் பாதை முழுவதையும் ஒரு நாள் நடந்து பாருங்கள். எல்லைக் கல் உள்ள இடங்களைத் தாளில் குறியுங்கள். நாம் காலங்காலமாக நடக்கும் பாதைதானே என்று நினைத்து வெளியாரை அழைத்துப் போவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. நெல்லிக்காயும் தேனும் எடுக்க உங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தரும் உரிமை, சுற்றுலாப் பயணியைக் காட்டுக்குள் அழைத்துப் போகும் உரிமை ஆகாது. குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த 2018-க்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துவிட்டன. காப்புக்காட்டில் கால் வைக்கும் பாதை என்றால் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். வயல்வெளி, ஏரிக்கரை, ஊர்க்கோயில், களத்துமேடு என்று காப்புக்காட்டைத் தொடாமலே மூன்று மணி நேர நடை போடலாம்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபரில் முதல் விருந்தினர் வர வேண்டுமென்றால் மே 1 கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த மாதங்களில் மூடல், ஊர்நிதிக்கு எவ்வளவு, எந்த இடங்களுக்கு வெளியார் போகக்கூடாது என்ற நான்கும் தீர்மானத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சாமி இருக்கும் இடம், குடிநீர் ஊற்று, பெண்கள் குளிக்கும் துறை ஆகிய மூன்றையும் ‘போகக்கூடாத இடம்’ பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். இதைப் பெண்களிடம் தனியாகக் கேட்டு எழுதுங்கள். பொதுக் கூட்டத்தில் பலர் வாய் திறக்க மாட்டார்கள்.

எத்தனை பேர்? தண்ணீரைக் கேளுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்பதற்கு நிபுணர்கள் பெரிய சூத்திரங்கள் வைத்திருக்கிறார்கள். மலை ஊருக்கு அவ்வளவு தேவையில்லை. பாதை, கழிப்பறை, வண்டி நிறுத்தம், வழிகாட்டிகள், தண்ணீர் என்ற ஐந்தில் எது முதலில் தீர்ந்துபோகுமோ அதுதான் உங்கள் எண்ணிக்கை. ஜவ்வாது மலையில் பெரும்பாலும் முதலில் தீர்வது தண்ணீர்.

60 வீடு, 250 பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் ஊருக்கு 13,750 லிட்டர் வேண்டும். ஊர்த் தொட்டி 10,000 லிட்டர். மழைக்காலத்தில் நாளுக்கு இரண்டு முறை நிரம்புகிறது, அதாவது 20,000. மீதி 6,250. அதில் பாதியை ஆடுமாட்டுக்கும், மோட்டார் பழுதாகும் நாளுக்கும் ஒதுக்குங்கள். இனி 3,125 லிட்டர். இரவு தங்கும் விருந்தினருக்குச் சமையல், பாத்திரம், துணி எல்லாம் சேர்த்து 100 லிட்டர் பிடியுங்கள். 31 பேர் வருகிறது.

இதே கணக்கைக் கோடைக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி ஒன்றரை முறைதான் நிரம்பும் என்றால் 15,000. ஊருக்குப் போக 1,250, அதில் பாதி 625. ஆறு பேர்! ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணிக்கையை வைத்துவிட்டு, ஏப்ரலில் விருந்தினர் குளியலறையில் தண்ணீர் ஓட, ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றால் அன்றோடு ஊரின் ஆதரவு போய்விடும். போன ஆதரவைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. அதனால் மாதவாரியாகத் தனித்தனி எண் வையுங்கள். முதல் ஆண்டில் கணக்கு 31 என்று சொன்னாலும் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்குத் தப்பாக இருந்தால் எட்டுப் பேரிலேயே தெரிந்துவிடும்.

வீடும் கழிப்பறையும்

புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கும் வீட்டில் காற்றோட்டமான ஓர் அறை, இரண்டு பாய் அல்லது கட்டில், கொசுவலை, துவைத்த விரிப்பு, உள்தாழ்ப்பாள் போதும். உள்தாழ்ப்பாள் சின்ன விஷயமாகத் தெரியும். அது இல்லாத அறையில் பெண் விருந்தினர் தூங்க மாட்டார்கள். வீட்டுத் தங்கலைச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யுங்கள். சமைத்துக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தேவை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான இணையப் படிவம் வழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊரில் சிக்னல் இல்லை என்பது காரணமாகாது.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறையே சிறந்தது. குழிகளுக்கு இடையே குறைந்தது ஒரு மீட்டர், கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை இரண்டு ஆண்டு மூடி வைத்தால் நாற்றமில்லாத எருவாகும். இந்த மலையில் ஓரிரு அடிக்குக் கீழேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் குழி வரும் இடத்தில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டி நீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே குழி வேலை செய்யாது. இடத்தை மாற்றுங்கள். இன்னொரு தவறு, விருந்தினர் வருகிறார்கள் என்று பினாயிலையும் ப்ளீச்சிங் பவுடரையும் வாளி வாளியாகக் கொட்டுவது. குழிக்குள் கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் செத்துப்போகும். பிறகு குழி நிரம்பும், நாறும். கோப்பையைத் தேய்க்கப் பிரஷும் கொஞ்சம் சோப்புநீரும் போதும். நாப்கின் போட மூடியுள்ள சிறு வாளியைக் கழிப்பறைக்குள்ளேயே வையுங்கள்.

சாமையில் கல்

விருந்தினர் நினைவில் அருவியைவிட அதிக நாள் நிற்பது சாப்பாடு. சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல், காட்டுக்கீரை, மலைத்தேன், பருவத்தில் பலாவும் சீத்தாவும். இவற்றை விட்டுவிட்டு நகரத்தார் விரும்புவார்கள் என்று பரோட்டாவும் கோழி வறுவலும் போட்டால் செலவும் கூடும், பணமும் மலையிறங்கிப் போய்விடும்.

ஆனால் சாமையில் ஒரு சிக்கல் உண்டு. களத்துமேட்டில் அடித்த சாமையில், மணியின் அளவிலேயே கருப்பும் பழுப்புமாகக் கல் கலந்திருக்கும். புடைத்தால் போகாது, முறத்தில் இரண்டும் ஒன்றாகவே துள்ளும். நம் வீட்டில் பழகிய கைகள் சமாளித்துவிடும். வெளியூர்க்காரர் முதல் வாயிலேயே ‘நறுக்’ என்று கடித்தால் தட்டை நகர்த்திவிடுவார். அரித்துத்தான் எடுக்க வேண்டும். அகன்ற பாத்திரத்தில் சாமையைப் போட்டு, மூன்று விரற்கடை உயரத்துக்கு நீர் ஊற்றி, வட்டமாக அலசியபடியே சாய்த்து, மேலே மிதந்து வரும் மணியை மட்டும் அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளுங்கள். கனமான கல் அடியில் தங்கும். அடியில் கைப்பிடி அளவு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அந்தக் கைப்பிடி கோழிக்கு. இப்படி மூன்று முறை. பிறகு அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு நீரில் வேகவிட்டால் குழையாமல் உதிரியாக வரும்.

விலை போடும் முறை

அடுத்த ஊரைப் பார்த்து விலை வைக்காதீர்கள். செலவை எழுதிப் பாருங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் ஊர்க் கூலியை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேர், ஒரு இரவு, நாலு வேளை சாப்பாடு, ஆளுக்கு ₹1,800 என்றால் வரவு ₹14,400. வேளைக்கு ₹120 வீதம் சாப்பாட்டுப் பொருள் ₹3,840. சமையலுக்கு இருவர், இரண்டு நாள், நாளுக்கு ₹500 வீதம் ₹2,000. இருவருக்கு ஒரு வீடு என நாலு வீடு, வீட்டுக்கு ₹700 வீதம் ₹2,800. வழிகாட்டிகள் இருவர், இரண்டு நாள், ₹600 வீதம் ₹2,400. துப்புரவும் குப்பை இறக்கலும் ₹500. முன்பதிவு பார்ப்பவருக்கு ₹700. ஆக ₹12,240. ஊர்நிதிக்குப் பத்து சதவீதம் ₹1,440. மீதி ₹720, போர்வை கிழியும், கொசுவலை நையும், அதற்கு.

இதே விலையில் நாலு பேர் மட்டும் வந்தால்? வரவு ₹7,200. பொருள் ₹1,920, ஒரு சமையல்காரர் ₹1,000, இரண்டு வீடு ₹1,400, ஒரு வழிகாட்டி ₹1,200, துப்புரவு ₹500, முன்பதிவு ₹700, ஊர்நிதி ₹720. மொத்தம் ₹7,440, அதாவது ₹240 நட்டம். ஐந்து பேர் என்றால் மூன்று வீடு போட்டும் ₹200 மிஞ்சுகிறது. எனவே ‘குறைந்தது ஐந்து பேர்’ என்று முன்பதிவிலேயே சொல்லுங்கள். நட்டக் குழுவை எடுத்துவிட்டு ஊர்நிதியில் கை வைப்பதுதான் பல குழுக்கள் உடையும் இடம்.

யார் வீட்டுக்கு விருந்தினர் என்பதில் சண்டை வரும். கழிப்பறை நன்றாக இருக்கும் வீட்டுக்கே எல்லாரும் போவார்கள். மற்றவர்கள் மூன்றாம் மாதம் விலகிவிடுவார்கள். ஆரம்பத்திலேயே வீடுகளை முறை வைத்து, அந்தப் பட்டியலைப் பொதுச் சுவரில் பெயிண்டால் எழுதுங்கள். பின்தங்கிய வீட்டின் கழிப்பறைக்கு ஊர்நிதியிலிருந்து முதல் கடன் கொடுங்கள். வரவு செலவையும் மாதாமாதம் அதே சுவரில் எழுதுங்கள்.

குப்பை

2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. தண்ணீர் பாட்டில் அதில் இல்லை. மலையில் கிடப்பதோ பாட்டிலும் சிப்ஸ் உறையும்தான். நுழைவிடத்தில் ஒவ்வொரு குழுவின் பாட்டிலையும் உறையையும் எண்ணி எழுதுங்கள், பாட்டிலுக்கு ₹10 வாங்குங்கள், திரும்பும்போது எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். நீலகிரியில் 2022-இல் மதுப்பாட்டிலுக்குக் கொண்டுவந்த முறை இதுதான். மதுப்பாட்டிலை நுழைவிடத்திலேயே நிறுத்துங்கள். அருவிப் பாறையிடுக்கில் உடைந்த கண்ணாடி வெறுங்காலோடு நடக்கும் நம் பிள்ளைகளின் காலைத்தான் கிழிக்கும். கொதிக்க வைத்து ஆறிய நீரைக் குடத்தில் வைத்து இலவசமாகக் கொடுங்கள். அப்போதுதான் பாட்டில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முகம் இருக்கும்.

அருவி, தேனீ, தீ

பீமன் மடவு போன்ற அருவிகளில் ஆபத்து கண்ணுக்கு முன்னால் இல்லை, மேலே இருக்கிறது. இங்கே வெயில் அடிக்கும். மூன்று கிலோமீட்டர் மேலே கொட்டும் மழை அரை மணியில் வெள்ளமாக இறங்கும். ஒரு வழிகாட்டி நீரோட்டத்தின் மேல்பக்கம் பார்த்தபடி நிற்பதே வேலையாக இருக்க வேண்டும்; படம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலையல்ல. தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால் விசில். ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் ஒரே கரையில் மேலே இருக்க வேண்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவரைத் தண்ணீர் வழியாக அழைக்காதீர்கள். வடியும் வரை அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியலுக்கு அனுமதி இல்லை. கீழே உள்ள ஊர் அதே நீரைத்தான் குடிக்கிறது.

பெருந்தேனீக் கூடு உள்ள பாறைக்கடியில் குழுவை நிறுத்தாதீர்கள். சென்ட் வாசனையும் புகையும் கூச்சலும் அவற்றைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடி வேகமாக விலக வேண்டும். பாம்புக்கடிக்குக் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்பதும், எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து உண்டு என்பதும் ஒவ்வொரு வழிகாட்டிக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி பாதி முதல் கோடை மழை வரை காட்டோர நடை எதுவும் வேண்டாம். காய்ந்த புல்லில் பற்றும் தீ, சரிவில் மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும்.

இருட்டும் விற்கலாம்

அந்த மூடல் மாதங்களுக்கு உங்களிடம் வேறொரு செல்வம் இருக்கிறது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைய இந்த மலையின் இருட்டும் ஒரு காரணம். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில், காட்டுக்குள் போகாமல் களத்துமேட்டில் பாய் விரித்து வானம் காட்டலாம். தை, மாசியில் தெற்கே அகத்தியர் விண்மீன் (கனோபஸ்) பளிச்சென்று நிற்கும். சித்திரை இரவுகளில் தென்சிலுவை அடிவானத்துக்கு மேலே வரும். வட இந்தியாவில் இவ்வளவு உயரத்தில் பார்க்கக் கிடைக்காத காட்சி. கோடையில் ஆறு பேர் என்று தண்ணீர் சொன்ன கணக்குக்கு இது சரியாகப் பொருந்தும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு செல்போன் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுங்கள். வீட்டு வாசல் விளக்கு கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி மூடியிட்டதாக, மஞ்சள் நிறமாக இருக்கட்டும். வானத்தை நோக்கிய வெள்ளை எல்இடி விளக்கு ஆய்வகத்துக்கும் கேடு, உங்கள் பிழைப்புக்கும் கேடு. ஆய்வகத்தைப் பார்க்க விரும்புவோருக்கு, பொதுமக்களை அனுமதிக்கும் நாளை முன்பே கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது விளம்பரம்

கூகுள் வரைபடத்தில் அருவிக்கு அடையாளம் போடாதீர்கள். ஊர் முகப்பில் உள்ள வரவேற்பு இடத்துக்குப் போடுங்கள். வண்டி அங்கே வந்து நின்றால் பேச வாய்ப்புண்டு. நேரே அருவிக்குப் போய்விட்டால் இல்லை. வரும் மூன்று மாதத்தின் தேதிகளையும் ஒவ்வொரு தேதிக்கும் உள்ள இடங்களையும் ஒரே படமாகப் போடுங்கள். விதிகளை அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் மேலேயே எழுதுங்கள்: மது இல்லை, ஸ்பீக்கர் இல்லை, முன்பதிவில்லாமல் வர வேண்டாம். வேலூர், சென்னை, பெங்களூரில் உள்ள வானியல் ஆர்வலர் குழு, பறவை நோக்குவோர், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம், சைக்கிள் குழு என்று பத்துப் பேருக்கு நேரடியாக எழுதுவது, பிரபல யூடியூபர் ஒருவரை அழைப்பதைவிடப் பயன் தரும். அவரால் வரும் கூட்டத்தை உங்கள் தொட்டி தாங்காது. ஊரார் முகம் தெரியும் படத்தை அவரிடம் கேட்காமல் போடக் கூடாது. குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம்.

இடம் நிரம்பிய பின் அழைப்பவருக்குச் சொல்ல ஒரு வாசகத்தை எழுதி முன்பதிவு பார்ப்பவர் கையில் கொடுங்கள்: “அண்ணா, அந்த வாரம் இடம் முடிஞ்சிடுச்சு. ஊர்ல தண்ணிக் கணக்குப்படிதான் ஆள் எடுக்கறோம். அடுத்த அமாவாசைக்கு நாலு இடம் இருக்கு, எழுதிக்கட்டுமா?” மறுப்பவர் கோபமாகவோ கெஞ்சியோ பேச வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை அளவெடுப்பு

பாதையில் மூன்று இடங்களில் இருபுறமும் குச்சி அடித்து, நடைத்தடத்தின் அகலத்தை மாதாமாதம் அளந்து எழுதுங்கள். 60 செ.மீ. இருந்த தடம் 90 ஆகிவிட்டால், சேற்றைத் தவிர்க்க ஆட்கள் ஓரத்தில் மிதிக்கிறார்கள் என்று பொருள். சேறு தேங்கும் இடத்தில் தட்டைக்கல் பதித்து, ஒரு மழைக்காலம் அந்தப் பாதைக்கு ஓய்வு கொடுங்கள். குப்பையை மூட்டை கட்டித் தராசில் நிறுத்து, வந்த தலைக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளங்கள். நாலாவதாக, விருந்தினர் வந்ததால் இந்த மாதம் என்ன தொந்தரவு என்று ஐந்து வீட்டுப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான இந்த நாலு மாதக் குறிப்பையும் கணக்கையும் ஜனவரி 26 கிராம சபையில் வாசியுங்கள். அடுத்த பருவத்துக்கு எட்டைப் பன்னிரண்டாக்குவதா, ஐந்தாகக் குறைப்பதா என்பதை அந்தத் தாளைப் பார்த்து ஊர் முடிவு செய்யட்டும்.